முக்குளி பிடித்த மூச்சு

முக்குளி,

நேற்றுக் காலையில் பேச்சியம்மாள் மதினியின் பித்தளைக் குடம் நல்லதண்ணிக் கிணற்றில் விழுந்துவிட்டது. கயிறு இற்றுப்போயிருந்ததைக் கவனிக்காமல் இறக்கியிருக்கிறாள். பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து மாறி மாறித் துழாவினார்கள். சகதியும் யாருடையதோ ஒரு பழைய செருப்பும்தான் வந்தன. "எங்காத்தா சீதனமாக் குடுத்த கொடம். முக்குளி இருந்தாம்னா இந்நேரம்..." என்று வாயெடுத்த மதினி, நான் நிற்பதைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கலைந்துபோனார்கள். நான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நெஞ்சு அடைத்து வலித்த பிறகுதான், இவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அது உன்னால் வந்த பழக்கம். நீ கிணற்றில் குதித்ததும் நானும் மேலே நின்று மூச்சைப் பிடிப்பேன். என்னால் முடியாமல் விட்டுவிடுவேன். மறுபடியும் பிடிப்பேன், மறுபடியும் விடுவேன். நீ அப்போதும் மேலே வந்திருக்க மாட்டாய். சுற்றி நிற்கிற பொம்பளைகள் "ஐயோ, பிள்ளையக் காணலியே" என்று கத்தத் தொடங்கும்போது, தலையில் பாசியோடு, கையில் வாளியோடு, சிரித்துக்கொண்டு வருவாய். கண்மாயில் முங்கி முங்கி எழும் அந்தச் சின்னக் குருவியின் பெயரை உனக்கு அப்பா வைத்தது அதனால்தான். பள்ளிக்கூடத்தில் எழுதின பெயர் யாருக்கும் நினைவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் "சுப்பையா, சுப்பையா யாரு?" என்று சீட்டுக் கொடுக்கிற ஆள் தொண்டை வற்றக் கூப்பிட்டபோது நாம் இருவரும் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எக்கா, அது நாந்தானே" என்று நீ எழுந்தாய். அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது நமக்கு.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நமக்கு இருந்தது அந்த ஓட்டு வீடும் உன் ஆட்டு மந்தையும்தான். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஊரே ஏன், என்ன என்று கேட்டது. நீ கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "எக்கா, சோத்துக்கு ஒல வையி" என்றாய். அவ்வளவுதான் உன் பேச்சு. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொள்வாய். புரிந்து ஆட்டுகிறாயா, எதிரில் இருப்பவர் மனம் கோணக்கூடாது என்று ஆட்டுகிறாயா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

அந்த வருஷம் பருத்தி எடுத்த பிறகு, ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காடுகளில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போடப் போனவன் பாதியிலேயே திரும்பிவிட்டாய். கண் மஞ்சளாக இருந்தது. வலது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். கள்ளுகூடக் குடிக்காத உன்னை. கோவில்பட்டி டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வட்டமான மிஷினுக்குள் படுக்கவைத்து சிடி படம் எடுத்தார்கள். "ஊசி போட்டதும் ஒடம்பெல்லாம் சூடு பரவுச்சுக்கா, வெயில்ல கெடந்த பாறைல படுத்தது கணக்கா" என்றாய். ஈரலில் கட்டி, அறுக்க முடியாத இடத்தில் இருக்கிறது, மாத்திரை தருகிறோம் என்று பெரிய டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார், உன்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் டாக்டரம்மாவைக் கண்டோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை அவர், படம் பார்க்கிற டாக்டர். நம்மை உட்காரவைத்து ஒரு காகிதத்தை நிதானமாக வாசித்துக் காட்டினார். "ஈரல்ல கட்டி இருக்கிறவங்களை சிடியிலயும் எடுக்குறோம், எம்.ஆர்.ஐ.ன்னு இன்னொரு மிஷின்லயும் எடுக்குறோம். எதுல எது நல்லாத் தெரியுது, கட்டி எப்படி மாறுதுன்னு பார்க்குறோம். இது ஆராய்ச்சி. கொஞ்ச மாசத்துக்கு ஒருதரம் வரணும், காசு கிடையாது. ஆனா ஒண்ணு, நல்லாக் கேட்டுக்கங்க. இது வைத்தியம் இல்லை. இதனால குணமாகாது. உங்களுக்கு இஷ்டம்னாதான் வரணும்."

நீ தலையை ஆட்டினாய். நான் உன்னைப் பார்த்து ஆட்டினேன்.

அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேனே, முக்குளி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உடுத்தியிருந்ததை அவிழ்த்து வெளுத்த துணி ஒன்றைக் கொடுத்தார்கள். கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். உன்னை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாத்தின கதவுக்குள்ளே கொட்டு கிளம்பியது பார், எனக்குப் புல்லரித்துவிட்டது. முதலில் உடுக்கை மாதிரி, பிறகு உறுமி மாதிரி, பிறகு கோயில் கொடையில் சாமி இறங்கும் நேரத்தில் மேளக்காரர் வெறி பிடித்து அடிப்பாரே, அந்த மாதிரி. நடுவில் மைக்கில் ஒரு குரல், "மூச்சை நல்லா உள்ள இழுங்க. பிடிங்க. அப்படியே பிடிங்க." நம் அம்மன் கொடையில் சீக்குக்காரர்களை விரதம் இருக்கச் சொல்லி மேளத்துக்கு முன்னால் உட்காரவைப்பது எதற்கு? கோடாங்கி உடுக்கை அடித்து, "அசையாம இரு, மூச்ச அடக்கு" என்று அதட்டுவது எதற்கு? உள்ளே இருப்பதை வெளியே துரத்தத்தானே? வாயால் இல்லை என்று சொல்லிவிட்டு அதைத்தான் இவர்களும் செய்கிறார்கள் என்று நான் நினைத்தேன். பெரிய மனுஷர்கள் முன்கூட்டிச் சரியாகும் என்று சொல்ல மாட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

உன் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணில்தான் ஒரு சிக்கல் வந்தது. இரும்பு, வெள்ளி எதுவும் கூடாது, கழற்றுங்கள் என்றார் மிஷின் ஓட்டுகிறவர். ஆண்பிள்ளை இடுப்பை வெறுமையாக்குவது எப்போது என்று அவருக்குத் தெரியாதா? குளிப்பாட்டிக் கிடத்துகிற அன்றைக்கல்லவா? "ஒரு நிமிஷம் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பெட்டிக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்து, முதலில் அதை உன் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டேன். அப்புறம்தான் வெள்ளியைக் கழற்றினேன். அவர் சிரித்தார். "கயிறு இருக்கட்டும்மா, அதுனால ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல மனுஷர். வெள்ளியை என் முந்தியில் முடிந்துகொண்டு, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மைக்கில் குரல் வரும்போதெல்லாம் உன்னோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்தேன். என்றைக்கும் போல நான்தான் முதலில் விட்டேன்.

நீ வெளியே வந்தபோது டாக்டரம்மாவும் கூடவே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"யாருப்பா நீ? இப்படி மூச்சுப் பிடிக்கிறே? ஒரு அசைவு இல்லையே!"

"கெணத்துல முக்குளிப்பேன் டாக்டரம்மா."

"விடுங்கன்னு சொன்னதுக்கு அப்புறமும் பிடிச்சுக்கிட்டே இருந்தியாமே?"

"கொடம் கைல சிக்கலியேன்னு பாத்தேன்."

அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். மூச்சு விட்டால் ஈரல் அசைந்து படம் கலங்கிப்போகும் என்றும், சீக்குக்காரர்களுக்கு மூச்சு நிற்காததுதான் தன் ஆராய்ச்சிக்குப் பெரிய கஷ்டம் என்றும் சொன்னார். உன்னை உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் பெட்டியில் படத்தைக் காட்டினார். நானும் நின்று பார்த்தேன். தேங்காயைப் பத்தை பத்தையாகக் கீறினதுபோல உன் வயிற்றை ஒரு காயமில்லாமல் கீறி வைத்திருந்தார்கள். ஈரலை எனக்கே அடையாளம் தெரிந்தது. ஆடு அறுக்கிற வீட்டில் பிறந்தவள்தானே. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு, பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில பொட்டுகள்.

நீ ரொம்ப நேரம் பார்த்தாய். எத்தனை ஆட்டு ஈரலைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாய் நீ. எந்த ஈரலை வீட்டுக்கு எடுக்கலாம், எதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று பார்த்ததுமே சொல்லுவாய். அன்றைக்கு டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாய்.

"இது பெருசாகுமா டாக்டரம்மா?"

"அதைத்தான்ப்பா பார்க்கப் போறோம்" என்றார் அவர். நீ தலையை ஆட்டினாய்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பசிக்கிறது என்றாய். எத்தனை நாள் கழித்து உன் வாயில் அந்தச் சொல் வந்தது! புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து நீ தின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "உள்ள நல்ல கொட்டுக்கா. நம்மூரு கொடை தோத்துது. ஒடம்பு லேசா இருக்கு" என்றாய். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவனுக்குப் பசிக்காமல் என்ன செய்யும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னேன். "மதுரைல ஒரு மிஷின் இருக்குட்டி. கொட்டுற கொட்டுல சீக்கு தெறிச்சு ஓடுது." பக்கத்தில் இருந்த செல்லத்தாய், "எக்கா, அதுல எம் மாமியா வாய்க்கு ஏதும் கொட்டுவாவளா?" என்றாள். ஆபீசே சிரித்தது.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் அது எனக்கு விரதம்தான். நீ சாப்பிடாதபோது நானும் சாப்பிடவில்லை. போகிற அன்று காலையில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. வீட்டைக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறினோம். வாசலில் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், வெள்ளியைக் கழற்றி முடிந்துகொள்வேன். உள்ளே கொட்டு கேட்கும். வெளியே வந்து "லேசா இருக்குக்கா" என்பாய். ஆனால் உன் விலா எலும்பு தெரியத் தொடங்கியது. வயிறு மட்டும் ஊதியது. ஆடுகளைப் பார்க்க முடியாமல் சித்தப்பாவின் மந்தையோடு சேர்த்துவிட்டோம். டாக்டரம்மா உன்னைக் கண்டதும் முன்போலச் சிரிப்பதில்லை. படத்தை நமக்குக் காட்டுவதும் இல்லை. நீயும் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தின தடவை, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே தம்பியைக் கூட்டிட்டு வர வேண்டாம்மா. இவ்வளவு தூரம் பஸ்ல அலைக்க வேண்டாம். வேணுங்கிறது கிடைச்சிருச்சு. வீட்டுலயே வச்சு நல்லாப் பார்த்துக்கங்க." இதை உன்னிடமும் சொல்லியிருக்கிறார்.

அடுத்து வழக்கமாகப் போக வேண்டிய நாள் வந்தது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் என் கை தானாக வீட்டைக் கழுவியது. அடுப்புப் பற்றவைக்கவில்லை. நீ பாயில் கிடந்தபடியே அடுப்பைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"போவோம்க்கா" என்றாய்.

"வேண்டாம்னாவளேடா."

"சும்மா ஒரு நடை போயிட்டு வந்துருவோம். சட்டைய எடு."

ஐப்பசி மழை. கரிசல் மண் களியாகிக் காலைப் பிடித்து இழுத்தது. ரோட்டுக்கு வருவதற்குள் இருவர் காலிலும் அப்பம் அப்பமாக மண். உன்னைத் தாங்கித்தான் பஸ்ஸில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் உன் காலைக் கழுவும்போது, கால் வீங்கியிருந்ததால் விரல் இடுக்கில் இருந்த மண் போகவில்லை. கூட்டுகிற அம்மாள், "எந்தக் காட்டுலருந்து வாரீய? இந்த மண்ணு தேச்சாலும் போகாது" என்றாள். "கரிசக்காடு ஆத்தா, அது எங்களையே விடாது" என்று நீ பதில் சொன்னாய். அதுதான் நீ கடைசியாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசினது.

டாக்டரம்மா நம்மைக் கண்டதும் திகைத்துப்போனார். "ஏம்மா வந்தீங்க?" என்றார். நீ, "ஒருவாட்டி எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாய். அவர் மறுத்துப் பார்த்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். கதவு சாத்தினார்கள். மைக்கில் குரல் வந்தது. "பிடிங்க." கொட்டு தொடங்கி உடனே நின்றது. "பரவாயில்லை, இன்னொரு தடவை. பிடிங்க." மறுபடியும் நின்றது. முக்குளி, அன்றைக்குத்தான் முதல்தடவையாக, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே நீ விட்டுவிட்டாய். வெளியே இருந்தாலும் எனக்கு அது தெரிந்தது.

உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணில் தண்ணீர். வலியா என்று கேட்டேன். "இல்லக்கா. டாக்டரம்மா படத்தக் கெடுத்துட்டேன்" என்றாய். சாத்தூர் தாண்டும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நீ "லேசா இருக்கு" என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ ரொம்ப நாள் இல்லை. ஒரு மத்தியானம், வெயில் வாசலில் கிடக்க, என் மடியில் தலை வைத்துப் போய்விட்டாய். குளிப்பாட்டும்போது சித்தப்பா அந்தக் கறுப்புக் கயிற்றை அறுத்தார். நான் பார்க்கவில்லை. அறுகிற சத்தம் கேட்டது. கடைசித் தடவை கழற்றின வெள்ளி என் முந்தியிலேயே இருந்தது.

நீ போன சேதியோடு சொந்தக்காரர் எல்லோருக்கும் துட்டி சொல்ல ஆள் போனது. காரியம் முடிந்த பிறகு, ஒரு ஆளுக்குச் சொல்லாமல் விட்டோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நானே மதுரைக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க தம்பி படம் மாதிரித் தெளிவா ஒரு படம் எனக்குக் கிடைச்சதில்லைம்மா. சிடியில தெரியாத சின்னப் பொட்டெல்லாம் அதுல தெரிஞ்சுது. வெளியூர்ல டாக்டர்கள் கூட்டத்துல அதைத்தான் போட்டுக் காட்டினேன். இனிமே வர்றவங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம்."

"அவம் பேரச் சொன்னீயளா?"

"பேர் சொல்லக்கூடாதும்மா. அது சட்டம்."

பேரைச் சொன்னாலும் சுப்பையா என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பெயரில் யாருக்கு உன்னைத் தெரியும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. எங்கேயோ பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து உன் ஈரலை வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார்கள். அது நீ என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் போனேன், வாய் கேட்டுவிட்டது. "அந்தக் கொட்டுல சரியாகும்னு இருந்தோம், இல்லியா டாக்டரம்மா?"

அவர் முகம் வாடிவிட்டது. "நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேனேம்மா, இது வைத்தியம் இல்லைன்னு. தம்பி தலையாட்டுவாரே. ஒருநாள் கேட்டேன். உனக்கு இதுல ஒரு பிரயோசனமும் இல்லையே, எதுக்குப்பா இவ்வளவு தூரம் வர்றேன்னு. 'எக்கா வெளிய உக்காந்திருக்கா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை."

அதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான், எனக்காகத்தான் அந்த மிஷின் குழாய்க்குள் படுத்திருக்கிறான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவளை, மிஷின் ஓட்டுகிற அண்ணாச்சி வாசலில் மறித்தார். விஷயம் கேட்டு வருத்தப்பட்டார். "நல்ல பையன்மா. கடைசி நாள் என்னால மறக்க முடியாது. போதும்ப்பா, எந்திரின்னு சொல்றேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'அண்ணாச்சி, இன்னுங் கொஞ்ச நேரம் கொட்ட விடுங்க, இன்னுங் கொஞ்ச நேரம்'னு கெஞ்சுறான்."

பஸ்ஸில் வரும்போது ஒருவர் சொன்னதை ஒரு கையிலும் மற்றவர் சொன்னதை மறு கையிலும் வைத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உன் வெள்ளி அரைஞாண் என் முந்தியில்தான் இருக்கிறது. விற்றுவிடு என்கிறார்கள், உருக்கி வளையல் போடு என்கிறார்கள். சேலை மாற்றும்போது முடிச்சை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். இந்த வருஷக் கொடைக்கு மேளம் தொடங்கியதும் நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தினால் கேட்காமல் இருக்குமா? கொட்டு ஏற ஏற என் மூச்சு தானாக நின்றது.

நீ பொய் சொல்லத் தெரியாதவன், முக்குளி. மற்றவர்கள் மனம் கோணாமல் தலையை ஆட்டத் தெரிந்தவன். சொல், அந்தக் கொட்டில் சரியாகும் என்று நீயும் நம்பித்தான் போனாயா, இல்லை வெளியே பெஞ்சில் அக்கா நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று போனாயா?